அவனுக்குள் இருப்பவன்

பீல் நகரில் ஆட்கள் வீடு மாறும்போது
அழுக்கை நாங்கள் எடுக்கிறோம்.
எடுத்ததற்குச் சாட்சியாகப் படமும் எடுக்கிறோம்.
முதலாளி ஷ்டூக்கி தந்த கமரா
சவர்க்காரக் கட்டியை விடச் சிறியது.
அதன் வாரில் முன்பு வைத்திருந்தவனின் பெயர்
பாதி அழிந்து கிடக்கிறது.

முதல் மாதம் எல்லாமே வெள்ளை.
குளியலறை ஓட்டில் ஒரு சூரியன்,
முகக்கண்ணாடியில் ஒன்று,
தண்ணீர்க் குழாயில் நாலு.
"நீ வீட்டைத் துடைத்தாயா, கொளுத்தினாயா?"
என்றாள் டெல்ஃபினா. ஜன்னல்கள் அவள் பொறுப்பு.
வெட்டுப்பட்ட மின்னல் வரைந்த பொத்தானை
ஈரவிரலால் அவள்தான் அழுத்தினாள்.
அன்றோடு பிளாஷ் தூங்கிவிட்டது.

மிச்சம் நானாகக் கண்டது.
ஸூம் ஒரு பொய். காலால் கிட்டப் போ.
கை நடுங்கினால் நிலையில் முழங்கையைச் சாய்.
பொத்தானைப் பாதி அழுத்து. நில்.
பச்சைக் கட்டம் வரும்வரை
மூச்சையும் பாதியில் வை.
மறுபாதியை அழுத்திய பிறகும்
இந்தக் கமரா ஒரு கணம் யோசிக்கும்,
நம் பெயரைப் படிவத்தில் பார்த்த
வீட்டுக்காரர் மாதிரி.
அதுவரை அசையாதே.

மரத்தரையை நேரே நின்று எடுத்தால்
கீறலே இல்லை.
விளக்கை அணைத்து
வயிறு தரையில் படக் கிடந்து
ஜன்னல் வெளிச்சம் சரிந்து வரும் பக்கமாக எடுத்தால்
பத்து வருடக் கதிரைகள்
இழுபட்ட வழியெல்லாம் எழுந்து நிற்கும்.
நவம்பரில் ஜூரா மலை
புகாரை அவிழ்த்துவிடும்.
அந்த நாட்களில்
எந்தக் கீறலுக்கும் யாரும் பொறுப்பில்லை.

இன்னொன்று, இதற்கு
முகம் தேடும் பழக்கம் உண்டு.
வெறும் வீட்டில் பாவம், திண்டாடும்.
சுவரில் பிளக் குத்தும் மூன்று துளைகளைக் கண்டு
மஞ்சள் கட்டம் போட்டு
ஆள் ஆள் என்று நிற்கும்.
ஒருமுறை நான் அந்தத் துளைகளுக்கு
வணக்கம் சொல்லியும் இருக்கிறேன்.

கஷ்டம் அவன் கதவுதான்.
ரொட்டி வேகிற அவனைச் சொல்கிறேன்,
நம் எழுத்தில் இரண்டும் ஒன்று.
கறுப்புக் கண்ணாடி.
எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே ஒருவன்
இறப்பர் கையுறையோடு குந்தியிருப்பான்.

மாட்ரெட்ச் பக்கம், நாலாம் மாடி, வீடு கையளிப்பு.
நிர்வாகத்திலிருந்து வந்த ஏஷ்லிமான் அம்மையார்
அவனில் கறை இருந்தது என்றார்.
படத்தை நீட்டினேன்.
பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.
கறை இல்லை என்று ஒப்புக்கொண்டு
கையெழுத்துக்குக் குனிந்தவர் நிமிர்ந்தார்.
"ஆனால் உள்ளே இருக்கிறவர்
மிகவும் களைத்திருக்கிறார்."
யாரென்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அன்றிரவு படங்களைப் பின்னோக்கித் தட்டினேன்.
நூற்றுப் பன்னிரண்டு அவன்கள்.
மார்ச்சில் தாடி இருக்கிறது.
மே மாதம் இல்லை.
ஜூனில் ஒரு கை கட்டுப்போட்டிருக்கிறது,
அது அமிலம் தெறித்த கிழமை.
ஆகஸ்ட்டில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறான்.
டெல்ஃபினா ஜன்னலில் ஏறி நின்று
பாடியிருப்பாள்.
இந்த வருடம் வேறு யாரும்
என்னைப் படம் எடுக்கவில்லை.

இப்போது வீட்டுக்கு இரண்டு.
ஒன்று நிறுவனத்துக்கு,
ஓரமாக ஒதுங்கி,
கண்ணாடியில் எதிர்ச்சுவர் மட்டும் விழுகிற மாதிரி.
மற்றதற்கு நேரே குந்துகிறேன்,
ஜன்னலை இடப்பக்கம் விட்டு,
கீறல்கள் தெரியட்டும் என்று.
பாதி அழுத்தம்.
மஞ்சள் கட்டம் கண்ணாடிக்குள் அலைகிறது.
வெப்பம் திருகும் குமிழில் ஒருதரம் நின்று
அதுவல்ல என்று விலகி
மெதுவாக வருகிறது.

வெள்ளிக்கிழமை
ஷ்டூக்கியிடம் அட்டையைக் கொடுக்கும்போது
இரண்டாவதை அழிக்க மறந்துவிட்டேன்
என்று சொல்லிக்கொள்ளலாம்.